சோற்றுக்கு ஆகாத பிடி அரிசி

1

ஊரிலிருந்து எட்வின் அண்ணன் போன் பண்ணினார். எங்கள் ஆலயத்தின் பிரதிஷ்டைப் பண்டிகைக்கு இந்த வருடம் சிறப்பு மலர் ஒன்று போடுகிறார்களாம். வெளியே போய்ப் பிழைக்கிறவர்கள் எல்லாரும் ஆளுக்கு ஒன்று எழுத வேண்டுமாம்.

“துபாய்ல இருந்து எழுதிட்டாவ, கனடாவுல இருந்து எழுதிட்டாவ. நீயும் ஒண்ணு எழுதித் தா செல்வி. ஸ்கூல்ல கட்டுரைப் போட்டியில பரிசெல்லாம் வாங்குன பிள்ளைதான நீ?”

“அண்ணே, திருவனந்தபுரம் வெளிநாடு இல்ல. நாகர்கோவில்ல பஸ் ஏறி ஒரு தூக்கம் தூங்கி முழிச்சா வந்துரும்.”

“பாஷை வேறதான? அப்ப வெளிநாடுதான். சாட்சியா எழுது. ஆண்டவர் உங்கள அங்க எப்படி நடத்துனாருன்னு நாலு பேரு வாசிச்சுப் பெலப்படணும்.”

சரி என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் மலைப்பாக இருந்தது. சாட்சிக்கென்று ஒரு அச்சு உண்டு, உங்களுக்கே தெரியும். முதலில் கஷ்டம், நடுவில் கண்ணீர், கடைசியில் ஒரு வேலை அல்லது வீடு, இல்லையென்றால் வெகுநாள் கழித்துப் பிறந்த ஒரு குழந்தை. விசா கிடைத்தவர்களை மேடையில் ஏற்றி மைக்கைக் கொடுப்போம். விசா கிடைக்காமல் திரும்பி வந்து மளிகைக்கடையில் பொட்டலம் கட்டுகிறவரை யாரும் சாட்சி சொல்லக் கூப்பிட்டு நான் பார்த்ததில்லை.

எனக்குக் கடைசியில் கிடைத்தது ஒரு பை அரிசி. அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். பிடிக்கவில்லை என்றால் எட்வின் அண்ணன் போடவேண்டாம், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

2

நாங்கள் இருப்பது ஆரியசாலைக்குப் பின்னால் ஒரு சந்தில். கீழே மிளகாய் வற்றல் கிட்டங்கி, மேலே நாங்கள். வீட்டுக்கு வருகிறவர்கள் மாடிப்படியில் கால் வைத்ததுமே தும்ம ஆரம்பித்துவிடுவார்கள். ஊரிலிருந்து வந்த என் நாத்தனார் ஒருமுறை தும்மிக்கொண்டே ஏறி, தும்மிக்கொண்டே காப்பி குடித்து, தும்மிக்கொண்டே இறங்கிப் போனாள். எங்களுக்கு மூக்கு மரத்துப் போய்விட்டது.

என் வீட்டுக்காரர் பொன்ராஜ் கல்யாணத்துக்கு முன்பே இங்கே வந்தவர். பருப்பு மொத்த வியாபாரக் கடை ஒன்றில் மூட்டை இறக்கினார். பிறகு நிறுவை பார்த்தார். சரக்கு நிறைய வந்த நாட்களில் நிறுவையும் பார்த்து மூட்டையும் தூக்கினார். போன மழைக்காலத்தில் ஒருநாள் குனிந்தவர் நிமிரவில்லை. டிஸ்க் விலகியிருக்கிறது என்றார்கள். அன்றிலிருந்து பெரும்பாலும் கட்டில்தான். கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் முகம் சுண்டிவிடும், மறுபடி படுத்துக்கொள்வார்.

நான் ஒரு ஆஸ்பத்திரி லாண்டரியில் வேலை பார்க்கிறேன். வார்டுகளிலிருந்து தள்ளுவண்டியில் படுக்கை விரிப்புகள் வந்துகொண்டே இருக்கும். மெஷின் துவைக்கும், மெஷின் காய வைக்கும், மடிப்பது மட்டும் மனிதர்கள். என்னோடு மடிப்பவள் சாந்தா. போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவள். அவள் பேசுவது தமிழா மலையாளமா என்று எனக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. ஒரு விரிப்பின் இரண்டு முனையை அவள் பிடிப்பாள், இரண்டு முனையை நான் பிடிப்பேன். எதிரெதிரே நடந்து வந்து முனைகளைச் சேர்ப்போம், பின்னால் போவோம், மறுபடி வருவோம். நாள் முழுக்க இதே நடை. மாலையில் பஸ் ஏறும்போது கால் என்னுடையதா என்று தொட்டுப் பார்க்கத் தோன்றும்.

அந்த நடையில்தான் என் ஜெபம். இந்த விரிப்பில் படுத்தது யார் என்று தெரியாது. பிழைத்தாரா என்றும் தெரியாது. இதில் படுத்தவரைப் பாரும் ஆண்டவரே என்பேன், முனைகள் சேர்வதற்குள் முடிந்துவிடும். சில நாட்கள் அவ்வளவும் சொல்லத் தெம்பிருக்காது. ஆண்டவரே என்று மட்டும் சொல்வேன். மெஷின் இரைச்சலில் யாருக்கும் கேட்காது என்று நினைத்திருந்தேன். சாந்தாவுக்குக் கேட்டிருக்கிறது.

“சேச்சி, நிங்க ஆரோட பேசுறீங்க?”

“ஆண்டவரோட.”

“நம்ம சூப்பர்வைசர் வர்றாருன்னா கொஞ்சம் முந்தியே சொல்லச் சொல்லுங்க.”

நான் சிரித்துவிட்டேன். ஜெபம் பலமான விஷயம் என்று பிரசங்கத்தில் சொல்வார்கள். என் அளவில் அது, மதியம் வரை நிற்க முடியாது என்று தோன்றுகிற கால்களை மாலை வரை நிற்க வைக்கும். நான் கேட்பதும் அவ்வளவுதான்.

இதெல்லாம் ஓட, விடிவதற்கு முன்னால் அடுப்படியில் ஒரு காரியம் நடக்க வேண்டும். பிடி அரிசி. உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் துபாய்க்காரர்களின் பிள்ளைகளும் மலரை வாசிப்பார்கள், அதனால் சொல்கிறேன். சோற்றுக்கு அரிசி அளந்ததும், களைவதற்கு முன்னால், அதிலிருந்து ஒரு பிடி எடுத்து ஆண்டவருக்கென்று தனியாகப் போட வேண்டும். மாதம் முடிந்ததும் அதை ஆலயத்துக்குக் கொண்டுபோய்க் காணிக்கையாக வைப்போம். ஆராதனை முடிந்து முற்றத்தில் ஏலம் விடுவார்கள். எல்லா வீட்டு அரிசியும் கலந்து கிடக்கிற அந்த அரிசியை ஏலம் எடுக்கிறவர்கள் கோழிக்குத்தான் போடுவார்கள். அது எல்லாருக்கும் தெரியும், யாரும் சொல்லிக்கொள்ள மாட்டோம்.

என்னிடம் ஒரு பழைய பிஸ்கட் டப்பா இருக்கிறது. பிடியை அதில் போடும்போது, இது உமக்கு, மீதி எங்களுக்கு என்று சொல்வேன். என் அம்மா சொன்னது வேறு மாதிரி, அவள் நீளமாகச் சொல்வாள். எனக்கு நேரமில்லை. ஆனால் அந்த அரிசி டப்பாவில் விழுகிற சத்தம் கேட்டால்தான் அன்றைக்கு வேலைக்குப் போவேன். கையில் கொடுக்க ஒரு பிடியாவது இருக்கிறவள் நான் என்ற நினைப்போடு படியிறங்குவேன். அந்த நினைப்புத்தான் என்னை இந்த ஊரில் இத்தனை வருடம் நடத்தியது. இதைப் பெருமை என்று சொன்னால் சொல்லிக்கொள்ளுங்கள்.

3

எங்கள் வீட்டில் இரண்டு சோறு. அவருக்குப் பொன்னி அரிசிச் சோறுதான் இறங்கும். எங்கள் ஒரே மகள் ஜெனிக்கு இந்த ஊர்ச் சிவப்புச் சம்பா அரிசிச் சோறு வேண்டும். கல்லூரியில் கடைசி வருடம் படிக்கிறாள்.

“இது மாட்டுக்கு வேக வைக்க மாதிரியில்லா இருக்கு” என்பார் அவர்.

“பொன்னிச் சோறு தின்னா பஸ் ஸ்டாப் எத்துமுன்ன பசிக்கும்” என்பாள் அவள்.

நான் வரப் பிந்துகிற நாட்களில் ஜெனி பானை வைப்பாள், மற்ற நாட்களில் நான் இரண்டு பானை வைப்பேன். மிச்சம் விழுகிற சோற்றைத் தின்பேன். எந்தச் சோறு என்று என்னை யாரும் கேட்டதில்லை.

ஜெனி பிறந்தது இங்கே, படித்தது இங்கே. தமிழ் பேசுவாள், வாசிக்க மாட்டாள். ஒருமுறை அவள் படிப்புக்காக நேட்டிவிட்டி சர்டிபிகேட் வாங்க வில்லேஜ் ஆபீசுக்கு அலைந்தோம். தகப்பன் பிறந்த ஊர் எது என்று கேட்டார்கள். சொன்னோம். அப்படியானால் அங்கே போய் வாங்குங்கள் என்றார்கள். ஊருக்கு வந்தோம். ரேஷன் கார்டே கேரளாவில் இருக்கிறது, எங்களிடம் எதற்கு வந்தீர்கள் என்றார்கள். இரண்டு சர்க்காரும் எங்களை அடுத்த வீட்டுப் பிள்ளை என்று நினைத்துக்கொண்டன. பிறகு எப்படியோ பள்ளிக்கூடச் சான்றிதழையும் பிறப்புச் சான்றிதழையும் காட்டி அவளுக்குக் கிடைத்துவிட்டது.

அதைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் வந்து, “இந்த வீட்டுல ஒரே நேட்டிவ் நான்தான், எல்லாரும் மரியாதையா இருக்கணும்” என்றாள். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன், எனக்கு என்னவோ போல இருந்தது.

ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான். தமிழ் ஆராதனை விடியற்காலையில். மலையாள ஆராதனைக்கு வருகிறவர்களுக்கு இடத்தை ஒழித்துக் கொடுக்க வேண்டும் என்பதால் பாட்டிலும் ஒரு அவசரம் இருக்கும். வருகிறவர்கள் ஹோட்டலில் வேலை செய்கிறவர்கள், கட்டட வேலைக்காரர்கள், என்னைப் போல நாலு பெண்கள். பாதிப் பேர் பிரசங்கத்தில் தூங்குவார்கள். நான் குறை சொல்ல மாட்டேன், தூங்க ஒரு நல்ல இடம் கிடைத்ததே. ஜெனி மலையாள ஆராதனையில் பாடகர் குழுவில் இருக்கிறாள். நான் வாசலில் இறங்கும்போது அவள் படியேறி வருவாள். அம்மா, தோசை மூடி வச்சிருக்கேன் என்பாள். எங்கள் ஐக்கியம் அவ்வளவுதான்.

வீட்டில் சாயங்கால ஜெபத்தை முன்பெல்லாம் அவர் நடத்துவார். படுத்த பிறகு ஜெனியைச் சொல்லச் சொல்கிறார். அவள் மலையாளத்தில்தான் ஜெபிப்பாள், வேகமாக. பாதிதான் எனக்குப் புரியும். கடைசியில் ஆமென் சொல்லிவிடுவேன். நான் கேட்க நினைக்காத எதையாவது அவள் கேட்டிருந்தாலும் என் கையெழுத்து விழுந்துவிட்டது. இவள் நம்மோடு இருக்கிறாளா, நம் வீட்டில் தங்கியிருக்கிறாளா என்று சில சமயம் பயமாக இருக்கும்.

4

இங்குள்ள ஆலயத்தில் பிடி அரிசி வழக்கம் கிடையாது. நான் முதன்முதலில் அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு போனபோது கபியார் என்னை வழிமறித்தார். கபியார் என்றால் நம் ஊரில் ஆலயத்தைத் திறந்து பூட்டி மணியடிக்கிறவர் இருப்பாரே, அவர்தான்.

“கிட்டு இன்னிக்குத் தரல அம்மா. அடுத்த மாசம் வா” என்றார்.

கஷ்டப்படுகிற குடும்பங்களுக்கு ஆலயத்திலிருந்து அவ்வப்போது மளிகைச் சாமான் கொடுப்பார்கள், அதற்குத்தான் கிட் என்று பெயர். என் சேலையையும் கையிலிருந்த பையையும் பார்த்து நான் வாங்க வந்தவள் என்று முடிவு கட்டிவிட்டார். வாங்க வரவில்லை, கொடுக்க வந்தேன் என்று சொல்லிப் புரியவைப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. அவர் பையைத் திறந்து பார்த்தார். வெள்ளையும் சிவப்பும் கலந்த அரிசி, நடுவில் வண்டு வராமல் இருக்க நான் போட்டுவைத்த வற்றல் மிளகாய். அதை என்ன செய்வது என்று அவருக்கு விளங்கவில்லை. சரி, கிட் கொடுக்கும்போது யாருக்காவது சேர்த்துக் கொடுத்துவிடலாம் என்று உள்ளே வைத்தார்.

அன்றிலிருந்து மாதாமாதம் அதே பை. கபியார் ஒன்றும் கேட்க மாட்டார், சுவரோரம் கையைக் காட்டுவார். நம் ஊரில் கோழி தின்ற அரிசியை இங்கே மனிதர்கள் சாப்பிடுகிறார்கள் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். யாரோ ஒரு வீட்டில் என் அரிசி வேகிறது என்று பஸ்ஸில் நின்றுகொண்டே நினைத்துக்கொள்வேன்.

என் வீட்டுக்காரர் படுத்த பிறகும் நான் நிறுத்தவில்லை. பொன்னி வாங்குவது குறைந்தது, ரேஷன் சம்பா கூடியது, பருப்புக்கடை முதலாளி வீட்டம்மா கொடுத்துவிட்ட பச்சரிசியும் வந்து சேர்ந்தது. பானையில் மாவு குறையவே இல்லை என்று வேதத்தில் ஒரு விதவையின் கதை உண்டே. என் பானையில் நன்றாகவே குறைந்தது. ஆனாலும் பிடி பிடிதான். கையைச் சுருக்கிக்கொண்டேனா என்றால், சில நாள் சுருக்கியிருக்கிறேன்.

5

ஒரு சாயங்காலம் அச்சன் வந்தார். இங்கே குருவானவரை அச்சன் என்றுதான் சொல்வார்கள். இளவயதுக்காரர், நல்ல மனிதர். தும்மிக்கொண்டே படியேறி வந்தார். பின்னால் ஒரு வாலிபன் பெரிய பையோடு வந்தான். அச்சன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவருக்காக ஜெபித்தார். இடுப்பில் கை வைத்து, தன் வீட்டு ஆளுக்குக் கேட்கிறது போலக் கண்ணீரோடு கேட்டார். அது வரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

எழும்பும்போது அந்தப் பையை வாங்கி என் கையில் கொடுத்தார்.

“செல்விச் சேச்சி, இது சபையோட ஒரு சின்ன சிநேகம். வேற ஒண்ணும் விசாரிக்கண்டா.”

வேறு விதமாக நினைக்க வேண்டாம் என்கிறார். வாலிபன் படம் எடுக்க போனைத் தூக்கினான், அச்சன் வேண்டாம் என்று கையைக் காட்டினார். அந்த மட்டில் அவருக்கு என் ஸ்தோத்திரம்.

நான் வாங்கிக்கொண்டேன். வாங்காமல் எப்படி இருப்பது? ஜெபித்து எழும்பிய மனிதரின் கையைத் தள்ளிவிட முடியுமா? படியிறங்குகிற வரை சிரித்த முகமாகத்தான் நின்றேன்.

“நல்ல காரியந்தானட்டி” என்றார் அவர் கட்டிலிலிருந்து. “நெனச்சிப் பாத்துக் கொண்டாந்துருக்காவ. மொகத்த ஏன் அப்படி வச்சிருக்க?”

“ஒண்ணுமில்லங்க.”

காலையில் பையைப் பிரித்தேன். தேயிலை, சர்க்கரை, தேங்காயெண்ணெய், சோப்பு. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு பிளாஸ்டிக் கவரில் அரிசி. முடிச்சை அவிழ்த்ததும் கை நின்றுவிட்டது. வெள்ளையும் சிவப்பும் கலந்த அரிசி. பச்சரிசி நொய்யும் தெரிந்தது. கையை விட்டுக் கிளறினேன், காம்பு கிள்ளிய வற்றல் மிளகாய் இரண்டு மேலே வந்தன. வேறு யார் அப்படிப் போடப் போகிறார்கள்? முந்தின ஞாயிற்றுக்கிழமை நான் சுவரோரம் வைத்துவிட்டு வந்த என் அரிசிதான்.

யார் செய்த தப்பும் இல்லை. மற்றவர்கள் கடையில் கட்டிய பையாகக் கொடுப்பார்கள், உதிரி அரிசி என்னுடையது மட்டும்தான். கிட் பட்டியலில் கடைசியாகச் சேர்த்த வீடு எங்களுடையதாக இருந்திருக்கும், கையில் மிஞ்சியதை அள்ளிக் கட்டியிருப்பார்கள். எனக்குப் புரிந்தது. புரிந்தும் கோபம் வந்தது. அச்சன் மேல் வந்தது, கட்டிலில் படுத்திருந்தவர் மேல் வந்தது, பிறகு ஆண்டவர் மேல் வந்தது. உமக்கென்று கொடுத்ததை உமக்குப் பிடிக்கவில்லையா? இந்த வீட்டிலிருந்து நீர் வாங்கிக்கொள்ள மாட்டீரா? இதை எழுதுவதற்குக் கை கூசுகிறது, ஆனால் அடுப்படியில் நின்று சத்தமில்லாமல் அப்படித்தான் கேட்டேன். குக்கர் விசிலடித்தது, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

அன்றைக்குப் பிடி எடுக்கவில்லை.

6

மறுநாளும் எடுக்கவில்லை. அப்புறம் எடுக்காமல் இருப்பதே பழகிவிட்டது. கவரை முடிச்சுப் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். டப்பாவைத் திறந்து பார்க்கவும் இல்லை. ரேஷன் அரிசியை அளந்து அப்படியே களைந்து உலையில் போட்டேன். அந்த மாதம் ஆலயத்துக்கு வெறுங்கையோடு போனேன். கபியார் வழக்கம்போலச் சுவரோரம் கையைக் காட்டினார், என் கையில் பை இல்லாததைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார்.

வாங்குகிறவர்களைப் பற்றி எனக்கு எந்த இளப்பமும் இல்லை என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். என் பேர் அந்தப் பக்கம் போனதும் உடம்பே குறுகிவிட்டது. ஞாயிறு காலையில் மனிதர்களின் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. இவர்களில் யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது என்று கணக்குப் போட்டுக்கொண்டே திருவிருந்துக்குப் போனேன்.

லாண்டரியில் விரிப்புகள் வந்தன, மடித்தேன். ஆண்டவரே என்ற ஒரு சொல்கூட வரவில்லை. வாயைத் திறந்தால் கொட்டாவிதான் வந்தது. அதுவரை வலிக்காத முட்டி வலித்தது. மதியத்துக்கு மேல் உட்கார ஒரு ஸ்டூல் தேடினேன்.

“சேச்சி, இப்ப அங்கோட்டு பேச்சே காணலியே” என்றாள் சாந்தா, கண்ணால் மேலே காட்டி. “பிணக்கா?”

“ஆமா, பிணக்குத்தான்.”

“ஆரு மொதல்ல மிண்டணும்?”

யார் முதலில் வாய் திறப்பது என்று கேட்கிறாள். விரிப்பை உதறி முனையை நீட்டினேன்.

பயமாக இருந்தது. மற்றவர்கள் வாங்கியது போல ஒரு வீடு எனக்கில்லை, ஊரில் நிலமில்லை, மகள் வேறொரு பாஷைக்குள் போய்க்கொண்டிருக்கிறாள், அவருடைய இடுப்பு எப்போது நேராகும் என்று டாக்டருக்கே தெரியவில்லை. இருந்தது அந்தக் காலைச் சத்தம் ஒன்றுதான். அதுவும் போய்விட்டால் எதை வைத்துக்கொண்டு நான் படியிறங்குவது? நானே நிறுத்தினேன், மறுபடி தொடங்க என்னால் முடியவில்லை. கை அரிசிக்குள் போகும், எடுத்து யாருக்குப் போட, திரும்ப நம்மிடமே வரத்தானே என்று நின்றுவிடும்.

7

போன வாரம் சனிக்கிழமை வேலையிலிருந்து சீக்கிரம் விட்டுவிட்டார்கள். வீட்டுக்கு வந்தபோது ஜெனி அடுப்படியில் நின்றிருந்தாள். காதுக்கும் தோளுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு யாரோ தோழியோடு மலையாளத்தில் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். ரேஷன் அரிசி தீர்ந்திருந்தது எனக்குத் தெரியும், வரும் வழியில் வாங்க மறந்துவிட்டேன். கட்டிலுக்கு அடியில் இருந்த கவர் அவள் கையில் இருந்தது.

நான் வாசலில் நின்றேன். நிறுத்தச் சொல்ல வாயெடுத்தேன். அவள் கவரிலிருந்து படியில் அளந்து பாத்திரத்தில் கொட்டினாள். பேச்சை விடாமலே, பாத்திரத்திலிருந்து ஒரு பிடி அள்ளினாள், கையை நீட்டி அலமாரியிலிருந்த பிஸ்கட் டப்பாவைத் திறந்து போட்டாள், போனை ஒரு நொடி வாயிலிருந்து நகர்த்தி என்னவோ முணுமுணுத்தாள், மூடினாள். அப்புறம் அரிசியைக் களைய ஆரம்பித்தாள். சண்டை எதிர்முனையில் தொடர்ந்துகொண்டிருந்தது.

“ஏட்டி, இப்ப டப்பாவுல என்ன போட்ட?”

திடுக்கிட்டுத் திரும்பினாள். “பிடி அரி.”

“பிடி அரிசியா?”

“அல்லாம பின்னே?”

நான் டப்பாவை எடுத்துத் திறந்தேன். வெறும் டப்பா என்று நினைத்திருந்தேன். அடியில் கால்வாசி அரிசி கிடந்தது. மேலே, சற்றுமுன் விழுந்த கலப்பு அரிசி.

“இது யாரு போட்டது?”

“நான்தான். நான் சோறு வைக்கும்போ நான் எடுப்பேன், அம்மா வைக்கும்போ அம்மா எடுக்கும். எப்பவும் அப்படித்தானே?” என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். “எந்தா, நான் எடுக்கக்கூடாதா?”

“எடுக்கலாம், எடுக்கலாம். என்ன சொல்லிப் போடுவ?”

“அம்மா சொல்லுறதுதான். இது அங்ஙேக்கு, பாக்கி எங்களுக்கு. சிலப்ப மறந்து போவும்.” போனைக் காட்டி, “இவ கத்துனா மறந்து போவும்” என்றாள்.

நான் அவளுக்கு அதைக் கற்றுக்கொடுத்ததில்லை. விடியுமுன் நான் அடுப்படியில் நிற்கும்போது அவள் தூங்குகிறாள் என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன். நான் கோபித்துக்கொண்டு நிறுத்திய நாட்களிலும் இந்த வீட்டிலிருந்து அரிசி விழுந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. எனக்கு மட்டும்தான் கேட்கவில்லை. அதுவும் பிடி அரிசியிலிருந்தே பிடி அரிசி எடுத்திருக்கிறாள் என்பது அப்போதுதான் உறைத்தது. சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அழுதேன். ஜெனி பயந்துபோய் போனை வைத்துவிட்டாள்.

அன்றைக்கு ஒரே பானைதான், ஒரே சோறுதான். ஆக்கும்போதே தெரிந்தது. பச்சரிசி முதலில் குழைந்தது. பொன்னி வெந்தது. சம்பா அசையவே இல்லை. சம்பா வேகட்டும் என்று விட்டால் மற்ற இரண்டும் கஞ்சியாகிவிட்டன. இறக்கிவிட்டோம். கட்டிலில் தலையணையைச் சாய்த்து அவரை உட்கார வைத்து, மூன்று பேரும் சேர்ந்து சாப்பிட்டோம்.

அவர் ஒரு வாய் வைத்துவிட்டு முகத்தைச் சுளித்தார். “என்ன அரிசிட்டி இது? பாதி கூழு, பாதி கல்லு. யாரு தந்தாவ?”

“நம்ம அரிசிதான்” என்றேன்.

அவருக்கு விளங்கவில்லை. நானும் விளக்கவில்லை. இன்னொரு வாய் வைத்தேன். சம்பா பல்லில் பட்டது, பச்சரிசி நாக்கில் ஒட்டியது. இத்தனை வருடம் யாரோ ஒரு வீட்டில் என் அரிசி வேகிறது என்று பஸ்ஸில் நின்று சந்தோஷப்பட்டேனே, இப்படித்தான் வெந்திருக்கிறது. யாரோ ஒருத்தி அடுப்பின் முன்னால் நின்று, எதை வேக வைக்க, எதைக் குழைய விட என்று தெரியாமல் முழித்திருக்கிறாள். அவளும் ஜெபித்துவிட்டுத்தான் சாப்பிட்டிருப்பாள். ஒரு தடவைகூட ஆலயத்துக்கு வந்து யார் தந்த அரிசி இது என்று கேட்டதில்லை. அவளோடு சேர்ந்து ஒரு பந்தியில் உட்கார்ந்தது போல இருந்தது எனக்கு. வெட்கம் எங்கே போனது என்று தெரியவில்லை. களைப்பு மட்டும் அப்படியே இருந்தது, அது போகாது போலிருக்கிறது.

எட்வின் அண்ணே, சாட்சி இவ்வளவுதான். அவருடைய இடுப்பு இன்னும் நேராகவில்லை. வேறு வேலை கிடைக்கவில்லை. வீடு வாங்கவில்லை. நாளைக் காலையில் எழும்பிப் பிடி எடுப்பேன், இது உமக்கு என்பேன், கீழே இறங்கிப் பஸ் பிடிப்பேன், சாந்தாவோடு விரிப்பு மடிப்பேன். பிணக்குத் தீர்ந்ததா என்று அவள் கேட்பாள். நான்தான் முதலில் மிண்டினேன் என்று சொல்லிவிட வேண்டும்.

வருகிற ஞாயிறு டப்பாவைக் கொண்டு போகிறேன். இந்த முறை பைக்குள் ஒரு துண்டுச் சீட்டும் வைக்கிறேன். ஜெனி மலையாளத்தில் எழுதித் தந்துவிட்டாள்: இது சோற்றுக்கு ஆகாது, ஊற வைத்து இடித்துப் புட்டு அவித்தால் நன்றாயிருக்கும், மிளகாயை மட்டும் மறக்காமல் எடுத்துவிடவும்.